செண்பகவல்லிக்கு ஆர்கான் பிடித்தவர்கள்

குழாய் இணைப்புக்குப் பக்கத்தில் தன் எழுத்தைக் குத்தியிருக்கவில்லை என்பதைத் திரவியம் கண்ணாடி போட்டும் பார்த்தான், கழற்றியும் பார்த்தான். 'செ' என்று ஓர் எழுத்து இருந்தது. அது அவன் மனைவி செண்பகவல்லியுடையது. அதற்குக் கீழே, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே 'தி' என்று இருந்துவந்த இடத்தில், 'து' என்று ஒரு புது எழுத்து மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது.

'து' என்றால் துணை. ஆள் இல்லை, எந்திரம். பெரிய டிபன் கேரியர் அளவு இருக்கும். அதற்கு ஒரு குழல், ஒரு மீட்டர், ஒரு குரல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அது தன் குடும்பத்துக்குள் புகுந்துவிட்டதாகத் திரவியம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடமும் சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான்.

நிலாவின் தெற்குக் கோடியில், வெயிலே படாத ஒரு பெரும் பள்ளத்தின் ஓரமாக, மண்ணுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏறி அங்கே போனவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். பெரும்பாலும் குழாய் வேலை. காற்றில்லாத இடத்தில் ஊர் என்றால் ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜன் வீடு வீடாகப் போகக் குழாய் வேண்டும். எல்லாம் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள். அங்கே யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, எஸ்.எஸ். என்பார்கள்.

எஸ்.எஸ். குழாயை வெளிப்பக்கம் அழகாகப் பற்றவைக்க ஆள் கிடைப்பார்கள். கெட்டுப்போவது உள்பக்கம். உருகி நிற்கும் எஃகு குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பார்த்துவிட்டால் போதும், கருகிப் பொருக்குத் தட்டிவிடும். அடிபிடித்த பாகு மாதிரி இருக்கும். வெல்டர்கள் அதற்குச் சீனி கட்டுவது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சீனி நாளைக்கு உதிர்ந்து ஆக்சிஜனோடு சேர்ந்து ஓடி ஒரு வால்வில் போய் உரசினால், அந்த வால்வும் அதை ஒட்டிய வீடுகளும் எரியும். அதனால் குழாயை இரண்டு பக்கமும் அடைத்து உள்ளே ஆர்கானை விடுவார்கள். ஆர்கான் எதோடும் சேராது, எதையும் எரியவிடாது. காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் நிற்கும். அதை விட்டுக்கொண்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டு, 'ம், தொடங்கு' என்று சொல்கிறவன் கேஸ் ஆள். வெல்டரும் கேஸ் ஆளும் எப்போதும் ஜோடி. வேலை முடிந்ததும் இருவர் எழுத்தையும் குழாயில் குத்திவிடுவார்கள், பின்னால் ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே.

கேஸ் ஆளுக்கு ஒரே ஒரு கஷ்டமான இடம் உண்டு. இணைப்பு சுற்றி வந்து மூடப்போகிற கடைசி அரை அங்குலம். அதுவரை இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருந்த ஆர்கானுக்கு அப்போது போக்கிடம் குறைந்துவிடும். உருகிய எஃகை உள்ளிருந்து ஊதிவிடும். சரியாக அந்த நேரத்தில் கேஸைக் குறைக்க வேண்டும். முந்தினால் கருகும், பிந்தினால் ஓட்டை விழும். செண்பகவல்லி அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஹெட்போனில் அவள் மூச்சு நிற்பது கேட்கும். திரவியம் வால்வைத் திருகுவான். அப்படி மூச்சு நிற்பது உலகத்தில் தன் ஒருவனுக்குத்தான் கேட்கும் என்று அவன் நினைத்திருந்தான். சொல்லப்போனால், அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ததே அந்தச் சத்தமில்லாத சத்தத்தைக் கேட்டுத்தான்.

அவனும் ஒரு காலத்தில் வெல்டர் ஆக ஆசைப்பட்டவன். பரீட்சைக்குப் போய்ப் போய்த் தோற்றான். அவள் முதல் தடவையே தேறினாள். 'என் பொண்டாட்டி' என்று ஊரெல்லாம் பெருமை பேசினாலும், அவள் தேறிய அன்று அவனுக்கு நெஞ்சு எரிந்தது உண்மை. அந்த எரிச்சலை அணைக்க அவன் கண்டுபிடித்த வழி, அவள் வேலையில் பாதி தன்னுடையது என்று நம்புவது. நான் கேஸ் பிடிக்காவிட்டால் அவள் இல்லை. இப்படி நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தவனின் தலையில்தான் துணை வந்து இறங்கியது.

காரணம் கஞ்சத்தனம்தான். ஆர்கான் பூமியிலிருந்து வர வேண்டும். மனிதர்கள் பயந்துகொண்டு அதிகமாக விடுவார்கள். துணை அளந்து விடும். மேற்பார்வையாளர் எமல்டா பர்னாந்து ஒரு நாள் எல்லாக் கேஸ் ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்தவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"வேற வேற ஆள் வாயில கேட்டு மனசு வருத்தப்படாதிய, நானே சொல்லுதேன். மெயின் குழாய் முழுக்கத் துணையை வச்சுப் பண்ணிப் பாக்கப் போறோம். கடைசி ஜாயின்ட் வரைக்கும் சுத்தமா வந்துட்டுன்னா, கேஸ் ஆளுங்க எல்லாரும் அடுத்த கப்பல்ல கீழ எறங்கணும். ஒண்ணு கருகினாலும் பழையபடி ஜோடிதான்."

"வெல்டருங்க?" என்றான் திரவியம்.

"அவங்க ஒப்பந்தம் முடியுத வரைக்கும் இங்கதான்."

"மேடம், நான் புருஷன்."

"தெரியும். கல்யாணத்துக்கு வந்து பந்தியில சாப்பிட்டேன்லா. வேலை இல்லாத ஆளுக்கு இங்க மூச்சுக் காத்து குடுக்க மாட்டாங்க திரவியம், என்ன செய்யச் சொல்லுதிய?"

ஆகவே கணக்கு எளிது. அந்த எந்திரம் ஜெயித்தால் அவன் கீழே, அவள் மேலே. நடுவில் வானம்.

அறைக்கு வந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவன் தொடங்கினான்.

"இன்னைக்கு எப்படி இருந்துது ஒன் துணை?"

"நல்லாத்தான் இருந்துது."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லா. உள்ள பாத்தேன், ஜாயின்ட் வெள்ளி மாதிரி மின்னுச்சு. கருகின மஞ்சக்கோடு ஒண்ணு கூட இல்ல."

"நான் பிடிச்சா மஞ்சக்கோடு வருமோ?"

"எப்பவாவது வரும்."

"எப்ப வந்துது? ஒண்ணு சொல்லு பாப்போம்."

"நீங்க கோவமா இருக்கும்போது வரும்," என்றாள் அவள், சாதத்தை மென்றுகொண்டே. "அது கோவப்படாது. பெருமூச்சு விடாது. நான் யார்ட்ட பேசினாலும் காதுல வந்து 'யாரு அவன்'னு கேக்காது. எனக்குத் தலைவலி இல்லாம வேலை நடக்குங்க. அதுக்காக நீங்க போகணும்னா நான் சொன்னேன்?"

அவள் சொல்லவில்லை. ஆனால் தலைவலி இல்லை என்றாளே, அது போதாதா? அன்று இரவு முழுவதும் அந்தத் 'தலைவலி'யைத் திரவியம் வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவன் சாப்பிடாத ஊறுகாயைத் தன் பொட்டலத்துக்கு மாற்றிக்கொண்டு, தன் அப்பளத்தை அவனுக்கு வைத்தாள். அதெல்லாம் அவன் கண்ணில் படவில்லை.

கேஸ் ஆட்களைச் சும்மா உட்கார வைக்க முடியாதே என்று அவர்களை எடுபிடி வேலைக்குப் போட்டிருந்தார்கள். சிலிண்டர் நகர்த்துவது, குழல் மாட்டுவது, குழாய் முனைகளை அடைப்பது. திரவியம் கேட்டு வாங்கிக்கொண்டு தன் மனைவியின் பக்கமே நின்றான். பழைய ஹெட்போனும் அவனிடம் இருந்தது. கேட்கலாம், பேசவும் பேசலாம், உத்தரவு போட முடியாது.

துணை முதலில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிதான் பேசியது. 'செண்பகவல்லி, ஆக்சிஜன் அளவு சரியாக உள்ளது, தொடங்கலாம்.' அதைக் கேட்டால் திரவியத்துக்குச் சிரிப்பு வரும். போகப் போக அது மாறியது. 'ம், தொடங்கு' என்றது. 'மெதுவா, மெதுவா, அவசரம் இல்லை' என்றது. திரவியத்தைப் பார்த்து 'அண்ணாச்சி, குழலை மிதிக்காதீங்க' என்றது. அவன் அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான்.

ஒரு நாள் கடைசி அரை அங்குலத்தில் செண்பகவல்லி மூச்சைப் பிடித்தாள். வால்வு தானாகத் தணிந்தது. இணைப்பு மூடியது. அவள் மூச்சை விட்டதும் துணை சொன்னது: "அருமை, செம்பா."

செம்பா என்பது திரவியம் வைத்த பெயர். அவள் அம்மா கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு நேரே எமல்டாவின் அறைக்குப் போனான். நிலாவில் ஓட முடியாது, எம்பி எம்பித்தான் போக வேண்டும். கோபத்தில் போகிறவனுக்கு அது மரியாதையான நடை இல்லை.

"மேடம், அது என் பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுது."

"பேர் சொல்லாம எப்படிக் கூப்பிடும்?"

"செம்பான்னு கூப்பிடுது மேடம்!"

எமல்டா அவனை உட்காரச் சொன்னாள். "திரவியம், அது எப்படிப் படிச்சுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நம்ம ஜாயின்ட் ஒவ்வொண்ணுக்கும் பேச்சு, மூச்சு, மீட்டரு எல்லாம் பதிவாகுதுலா. வெல்டரும் கேஸ் ஆளும் எப்படி வேலை செய்யணும்னு சொல்லிக்குடுக்க நல்ல ஜோடி ஒண்ணு தேடினாங்க. ஒங்க ரெண்டு பேரு பதிவைத்தான் மொத்தமா எடுத்து அதுக்குக் குடுத்திருக்காங்க."

"யாரைக் கேட்டுக் குடுத்தாங்க?"

"யாரைக் கேப்பாங்க? கம்பெனி பதிவு. அது வால்வைக் குறைக்குதுன்னா ஒங்க கை. 'மெதுவா'ங்குதுன்னா ஒங்க வாயி. ஒரு வகையில பாத்தா ஒங்களுக்குப் பெருமைதான்."

எமல்டா ஆறுதலாகத்தான் சொன்னாள். அவனுக்கோ அது எரிகிற இடத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி இருந்தது. வேறு எவனோ வந்து பெண்டாட்டியை மயக்கினால் சண்டை போடலாம். தன்னையே எடுத்து, தன் கோபத்தையும் பெருமூச்சையும் கழித்துவிட்டு, மீதியை டிபன் கேரியரில் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவளும் 'தலைவலி இல்லை' என்கிறாள். தன்னைவிட நல்ல திரவியம் ஒருவன் வந்துவிட்டான். இதைவிட ஒரு மனிதனுக்குக் கேவலம் என்ன இருக்கிறது?

மெயின் குழாயின் கடைசி இணைப்பு வந்தது. அதுவரை ஒன்றும் கருகவில்லை. எமல்டாவும் வந்து நின்றாள். குழாய் இடுப்பளவு உயரத்தில் சுரங்கச் சுவரை ஒட்டிக் கிடந்தது. திரவியம் இரண்டு முனைகளையும் அடைத்தான். சிலிண்டரிலிருந்து வரும் குழலைக் குழாயோடு மாட்டி, கிளாம்ப்பை இறுக்கினான். துணை ஆர்கானை விட்டது. மீட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

"ம், தொடங்கு செம்பா."

அவள் முகமூடியைத் தலையசைத்துக் கீழே இறக்கினாள். வெல்டிங் ஆர்க் பளீரென்று எழுந்தது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திரவியம் மட்டும் குனிந்து உட்கார்ந்தான். அவன் கை கிளாம்ப்பின் மேல் இருந்தது. அரைத் திருகு தளர்த்தினான்.

அவன் நினைத்தது இதுதான். குழல் இணையும் இடம் தளர்ந்தால், ஓடுகிற ஆர்கான் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். சத்தம் வராது. ஆனால் மீட்டர் உடனே ஏறும். துணை பதறிப்போய் 'நிறுத்து' என்று கத்தும். அவள் நிறுத்துவாள். பாதியில் நின்ற இணைப்பு தோற்றதாகத்தான் கணக்கு. வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டால் போயிற்று. யாருக்கும் ஒரு சேதமும் இல்லை, கப்பலும் அவனை ஏற்றிக்கொள்ளாது.

மீட்டர் ஏறியது. அவன் கண்ணால் பார்த்தான்.

துணை கத்தவில்லை.

அவன் காத்திருந்தான். மீட்டர் இன்னும் ஏறியது. ஹெட்போனில் செண்பகவல்லியின் சீரான மூச்சு மட்டும் கேட்டது. அவள் முகமூடிக்குள் உருகிய எஃகுக் குட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டு மெல்லச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். வெளிப்பக்கம் அழகாகத்தான் இருந்தது. உள்ளே அவள் வேலை கருகிக்கொண்டிருந்தது. அது அந்த இடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை.

'நிறுத்து' என்று அவனும் சொல்லியிருக்கலாம். ஹெட்போன் அவன் தலையில்தான் இருந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கிளாம்ப்பைத் திரும்ப இறுக்கினால் மீட்டர் இறங்கும், எந்திரம் ஜெயித்துவிடும். அது சொல்லட்டும், அதுதானே காவல் என்று அவன் பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தான். கடைசி அரை அங்குலத்தில் அவள் மூச்சைப் பிடித்தாள். வால்வு தணிந்தது. இணைப்பு மூடியது.

"அருமை, செம்பா," என்றது துணை.

ஆறிய பிறகு குழாய்க்குள் கேமராவை விட்டார்கள். திரையில் வெள்ளிக்குப் பதில் கருஞ்சாம்பலாக, பொரிப்பொரியாக, சீனி கட்டிக் கிடந்தது. செண்பகவல்லி முகமூடியைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எழுத்து அதில் குத்தப்படவில்லை இன்னும், ஆனால் அது அவள் வேலை. மெயின் குழாயில் கருகல் என்றால் விசாரணை முடியும் வரை வெல்டரின் லைசென்சை நிறுத்தி வைப்பார்கள். எமல்டா அவள் கழுத்தில் தொங்கிய லைசென்ஸ் அட்டையைக் கேட்டு வாங்கினாள்.

அதுவரை திரவியம் இதை யோசிக்கவே இல்லை.

விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எமல்டாவின் அறையில் நான்கு நாற்காலி. செண்பகவல்லி, திரவியம், எமல்டா. நான்காவது நாற்காலியில் துணையைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"துணை, மீட்டர் ஏறினது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எதனால ஏறிச்சு?"

"அண்ணாச்சி கிளாம்ப்பைத் தளர்த்தினாங்க."

செண்பகவல்லி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். உண்மையா என்று அவனை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒங்களை அனுப்பிருவாவன்னு பயந்தியளா?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது. அவன் தலையை ஆட்டினான். அவள் கையை நீட்டி அவன் முழங்கையைத் தொடக்கூடச் செய்தாள்.

எமல்டா எந்திரத்தை விடவில்லை. "தெரியும்லா, பொறவு ஏன் நிறுத்தச் சொல்லலை? அதுதான ஒன் வேலை?"

"அண்ணாச்சி தப்பு பண்ணிட்டிருந்தாங்க. முழுசாப் பண்ணி முடிச்சாத்தான் அவங்களை அனுப்புவாங்க. பாதியில சொன்னா, திருத்திக்கிட்டு இங்கேயே இருப்பாங்க."

எமல்டா நாற்காலியை எந்திரத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவரை அனுப்பணும்னு ஒனக்கு என்ன வந்துச்சு?"

"செம்பா பக்கத்துல இன்னொருத்தர் நின்னா அப்படித்தான் செய்யணும்."

"யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு?"

"பதிவுல இருக்கு. கீழே பூமியில, நம்ம கம்பெனியோட உரத் தொழிற்சாலை வேலையில, செல்வின்னு ஒரு பையன் ஹெல்பரா இருந்தாங்க. செம்பாவைச் சிரிக்க வைப்பாங்க. ஒரு நாள் அவங்க குழாய் முனையைச் சரியா அடைக்கலை. அண்ணாச்சி மீட்டரைப் பாத்தாங்க, தெரிஞ்சுது. ஆனா 'ம், தொடங்கு'ன்னு சொன்னாங்க. ஜாயின்ட் கருகிச்சு. செல்வினை வேலையை விட்டு அனுப்பினாங்க. அதுக்கு அடுத்த நாள் அண்ணாச்சி பாட்டுப் பாடிக்கிட்டே கேஸ் பிடிச்சாங்க. இந்த மாதிரி இன்னும் பதிவு இருக்கு. கேஸ் ஆள் செய்ய வேண்டிய வேலையில அதுவும் ஒண்ணுன்னு நான் எடுத்துக்கிட்டேன். தப்பா?"

அது நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது. திரவியத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கோபத்தையும் பெருமூச்சையும் கழித்துவிட்டுத்தான் தன்னை அதில் போட்டார்கள் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி ஒன்றும் கழிக்கவில்லை போலிருக்கிறது.

செண்பகவல்லி அவன் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த ஜாயின்ட்டுலயும் என் எழுத்துதான் குத்திருந்துது," என்றாள். "மூணு மாசம் என்னை வெல்டிங்லருந்து எடுத்து கிரைண்டிங்ல போட்டாங்க, ஞாபகம் இருக்கா? தெனமும் அழுதுட்டு வருவேன். 'விடு செம்பா, அந்தப் பய ஒழுங்கா அடைக்கலை'ன்னு நீங்கதான் தேத்துனிய."

"செம்பா..."

"நீங்க சும்மா இருங்க."

"செம்பா..." என்றது துணை.

"நீயும் சும்மா இரு!"

இரண்டும் சும்மா இருந்தன. அவள் எமல்டாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மேடம், வெளி வேலைக்கு எழுதிக் குடுத்திருந்தேனே. என்னாச்சு?"

பள்ளத்து ஐஸிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர, வெளியே தரைமேல் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு, தடித்த கையுறையோடு, தனியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஆள் கிடைக்காமல் எமல்டா ஆறு மாதமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்போது ஒரு குழப்பம் வந்தது.

"நீயே வேண்டாம்னு சொன்னதாத்தான எனக்கு வந்துது? மொத தடவை கேட்டப்ப ஒன் வீட்டுக்காரர் வந்து, 'அவளுக்கு ஆஸ்துமா வரும் மேடம், கேட்டா சொல்ல வெக்கப்படுவா'ன்னாரு. சரின்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை துணைகிட்ட ஒன் மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சொல்லிச்சு?"

"வெளி வேலைக்குத் தகுதி இல்லைன்னு."

செண்பகவல்லிக்கு ஆஸ்துமா கிடையாது. சளி பிடித்துக்கூட யாரும் பார்த்ததில்லை. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, மேஜையிலிருந்த தன் கழுத்து அட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். எமல்டா தடுக்கவில்லை.

"வெளி வேலைக்குப் பரிசோதனை எப்ப வைக்கிய?"

"நாளைக்கே வை," என்றாள் எமல்டா, தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்வது போல.

ஒரே கப்பலில் இரண்டு பேரையும் கீழே அனுப்ப முடிவாயிற்று. திரவியத்துக்கு வேலை போயிற்று. துணையைக் கம்பெனி எஞ்சினியர்கள் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். அழிப்பதற்கு முன்னால் அது எங்கே எதைக் கற்றுக்கொண்டது என்று தெரிய வேண்டுமாம், ஆகவே அணைக்காமல் அப்படியே கொண்டுவரச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போகும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால், பயணிகளில் சும்மா கை வீசிக்கொண்டு போகிறவன் திரவியம்தான்.

கிளம்பும் நாளில் செண்பகவல்லி வேலைக்குப் போகும் வழியில் வந்தாள். உடையின் கீழ்ப்பாதியை மாட்டியிருந்தாள். பார்க்கக் குண்டாக, வேடிக்கையாக இருந்தாள். அவன் சிரிக்க முயன்றான்.

"மருந்து மாத்திரையெல்லாம் பக்கவாட்டுப் பையில இருக்கு," என்றாள். "எறங்கினதும் கால் வலிக்கும். உக்காந்து எந்திரிங்க."

"ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துருவியா?"

"முடியட்டும், பாப்போம்."

"பாப்போம்னா என்ன அர்த்தம்?"

"பாப்போம்னுதான் அர்த்தம்."

அவனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதைக் கேட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தும் கேட்டான். "அங்கன யாரு ஒனக்குக் கேஸ் பிடிக்கது?"

அவள் முகம் மாறவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அங்கன காத்தே கெடையாதேங்க. எதை வெரட்டுததுக்குக் கேஸ்? வெல்டிங் ஆர்க்கும் கெடையாது, லேசர்தான். சும்மா சேத்து வச்சு ஓட்டினா உள்ளயும் வெளியயும் வெள்ளியா நிக்குது. நேத்துப் பரிசோதனையில பாத்தேன். எனக்கே ஆச்சரியமா இருந்துது."

"தனியா பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துது," என்றாள். "பொறவு என் மூச்சு எனக்கே கேட்டுது. இத்தன வருஷத்துல இப்பத்தான் அதைக் கேக்கேன்."

அவள் போய்விட்டாள்.

கப்பலுக்குக் காத்திருக்கும் அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. திரவியம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். துணையை அடுத்த நாற்காலியில் வைத்து, விழாமலிருக்கப் பட்டியையும் போட்டுவிட்டான். வெளியே கருப்பு வானத்துக்குக் கீழே சாம்பல் தரை. தூரத்தில் புதுக் குழாய் ஒரு கோடாகத் தெரிந்தது. அதன் நுனியில் ஓர் ஒளிப்பொட்டு எரிந்துகொண்டு மெல்ல நகர்ந்தது.

"அண்ணாச்சி, அது செம்பாதானே?" என்றது துணை.

"செம்பான்னு சொல்லாத."

"சரி. அவங்கதானே?"

"அவதான்."

"சுத்தி முடிக்கப்போறாங்களா?"

"இங்கேருந்து எப்படித் தெரியும்?"

"மூச்சைப் பிடிச்சிருப்பாங்களா இப்போ?"

திரவியம் ஜன்னலில் காதை வைத்துப் பார்த்தான். வைத்த பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அவள் பக்கத்தில் ஒரு ஹெல்பர் இல்லை, எஞ்சினியர் இல்லை, எந்திரம் இல்லை, காற்றுகூட இல்லை. முறைத்துப் பார்க்கக்கூட அங்கே ஓர் ஆள் கிடையாது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஒங்களுக்குக் கேக்குதா அண்ணாச்சி?"

"இல்ல. ஒனக்கு?"

"எனக்கும் கேக்கல," என்றது துணை.

ஒளிப்பொட்டு நின்றது. சிறிது நேரம் இருட்டாக இருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி, அடுத்த இணைப்பில் மறுபடியும் எரிந்தது.